ஆறு மாதம் தேங்கிய ஹாட் டப்பை மறுபடி குளிக்கத் தகுந்ததாக்குவது எப்படி?

கேள்வி: கனடாவின் மிசிசாகாவில் வாங்கிய வீட்டின் பின்புறத்தில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஹாட் டப் (சுடுநீரில் உட்கார்ந்து குளிக்கும் தொட்டி) ஒன்று இருக்கிறது. அக்ரிலிக், 1500 லிட்டர். ஆறு மாதமாக யாரும் இறங்கவில்லை. தண்ணீர் கலங்கியிருக்கிறது, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டைப் போட்டால் நுரை பொங்குகிறது, ஒரு வாடையும் வருகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் இருக்கிறார்கள். எப்படிச் சுத்தம் செய்வது, பிறகு எப்படிப் பராமரிப்பது?

பதில்:

முதல் வேலையாக, ஜெட் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். பிள்ளைகளும் அம்மாவும் அந்தப் பக்கம் போக வேண்டாம். கிருமிநாசினி இல்லாமல் வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 25 முதல் 45 டிகிரி வரை அதற்குப் பிடித்த சூடு. ஹாட் டப் ஓடுவதும் அதே சூட்டில்தான். ஜெட் கிளப்பும் கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகளை மூச்சில் இழுத்தால் அது நுரையீரலுக்குப் போய்க் கடுமையான நிமோனியாவைக் கொண்டுவரும். அதற்குத் தண்ணீரில் இறங்கக்கூட வேண்டியதில்லை. 1999இல் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் காட்சிக்கு வைத்து ஓடவிட்ட ஒரு டப்பிலிருந்து பரவிய திவலையால் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் பார்வையாளர்களாக வந்தவர்கள். 2019இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சந்தையில் ஹாட் டப் காட்சிக்கு வைத்திருந்த இடத்தை ஒட்டியும் இதே நோய் பரவி நான்கு பேர் இறந்தார்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் டப் பாதுகாப்பானதே. ஆனால் 'தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது' என்று பார்வையை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஹாட் டப் பராமரிப்பில் பல வேலைகள் உண்டு. அத்தனையும் ஒரே காரியத்துக்காகத்தான்: தண்ணீரில் கிருமிநாசினியின் அளவு ஒரு மணி நேரம்கூடப் பூஜ்யத்துக்கு வந்துவிடக் கூடாது.

நீச்சல் குளம் வைத்திருந்தவர்கள் பலரும் தவறுவது இங்கேதான். 60,000 லிட்டர் குளத்தில் நான்கு பேர் இறங்குவதும் 1500 லிட்டர் டப்பில் நான்கு பேர் இறங்குவதும் ஒன்றல்ல. தண்ணீர்க் கணக்கில் பார்த்தால், அந்தக் குளத்தில் 160 பேர் ஒரே நேரத்தில் இறங்கியதற்குச் சமம். போதாததற்கு இங்கே சூடு உண்டு, வியர்வை உண்டு. அதனால் வாரத்துக்கு ஒரு தடவை மருந்து போடும் குளத்துக் கணக்கு இங்கே எடுபடாது. எத்தனை பேர் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் போட வேண்டும்.

முதல் சுத்தம்: குழாய்க்குள் இருப்பதுதான் பிரச்சினை

கண்ணுக்குத் தெரியும் தொட்டியைத் துடைப்பது எளிது. உள்ளே பல மீட்டர் நீளத்துக்கு ஓடும் குழாய்களின் சுவரில் வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். பயோஃபிலிம் என்பார்கள். கிருமிகள் தங்களைச் சுற்றிப் பசைபோல ஒன்றைச் சுரந்து அதற்குள் பதுங்கிக்கொள்வதால், சாதாரண அளவுக் குளோரின் மேலோடு போய்விடும். தண்ணீரை மட்டும் மாற்றினால் இரண்டு வாரத்தில் பழைய கலங்கலும் வாடையும் திரும்பி வருவது இதனால்தான். நீங்கள் சொல்லும் நுரை, வாடை, கலங்கல் மூன்றும் இதைத்தான் காட்டுகின்றன.

பழைய தண்ணீரைக் கொட்டுவதற்கு முன்பே குழாயைக் கழுவ வேண்டும். பழைய ஃபில்டரை எடுத்துக் குப்பையில் போடுங்கள். அதைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. சுமார் 6 சதவீதம் உள்ள சாதாரண வீட்டு ப்ளீச் 300 மில்லி ஊற்றி (1500 லிட்டருக்கு இது சுமார் 12 பிபிஎம்; பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), ஜெட்டில் காற்றைக் கலக்கும் காற்று வால்வுகளை முழுக்க மூடி, மூடியைக் கிட்டத்தட்ட சாத்தி, பம்ப்பை அரை மணி நேரம் ஓட விடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்காதீர்கள். அந்தப் பக்கத்து ஜன்னல்களையும் மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு, ஹாட் டப் குழாய் கழுவுவதற்கென்றே கடையில் விற்கும் பர்ஜ் மருந்தை டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் போட்டு, எல்லா ஜெட்டுக்கும் மாறி மாறித் தண்ணீர் போகும்படி ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். நுரையோடு பழுப்பும் சாம்பலுமாகக் கசடு தண்ணீர் மட்டத்தில் வந்து ஒட்டும். கையுறை போட்டு, பழந்துணியால் அவ்வப்போது துடைத்தெடுங்கள். விட்டால் காய்ந்து இறுகிவிடும்.

அடுத்து டப்புக்கு வரும் மின்சாரத்தின் பிரேக்கரை அணைத்துவிட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிரேக்கர் அணைக்காமல் காலி செய்தால், தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் சூடேறிக் கருகும். டப்பின் வடிகால் குழாயில் விட்டால் மணிக்கணக்கில் ஆகும். சின்ன சப்மெர்சிபிள் பம்ப் ஒன்று இருந்தால் கால் மணி, அரை மணியில் வேலை முடியும். வெளியேற்றும் தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அது சுத்திகரிப்பு ஏதும் இல்லாமல் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. குளோரின் மீனைக் கொல்லும். வீட்டுக் கழிவுநீர் இணைப்பில் விடுவதுதான் முறை. உங்கள் நகரசபையின் விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் வைக்கும் பள்ளத்திலும் ஜெட் வாயிலும் தேங்கிய மிச்சத்தை ஈர வேக்குவமால் உறிஞ்சி எடுங்கள். அக்ரிலிக்கை வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடைத்தால் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு, தேய்க்கும் பொடி, கம்பி நார் மூன்றும் வேண்டாம். சோப்பு மிச்சமிருந்தால் அடுத்த மூன்று மாதமும் நுரையோடு போராட வேண்டிவரும்.

ஆறு மாதம் தேங்கிய டப் என்பதால் ஒரு சுற்று போதாது. மறுபடி நிரப்பி 500 மில்லி ப்ளீச் ஊற்றுங்கள். 20 பிபிஎம் வரும். மூடியைத் திறந்தே வைத்து, பிள்ளைகள் கிட்டே போகாதபடி பார்த்துக்கொண்டு, பம்ப் ஓட்டத்தில் 10 மணி நேரம் விடுங்கள். இடையில் அளந்து பாருங்கள். சர்ரென்று இறங்கினால் உள்ளே இன்னும் அழுக்கு இருக்கிறது. பர்ஜ் மருந்தை இன்னொரு தடவை போட வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, புது ஃபில்டர் மாட்டி, மூன்றாவதாக நிரப்பும் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். மூன்று தடவை நிரப்பத் தண்ணீர்க் கட்டணம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நிரப்பும்போது ஹோஸைத் தொட்டிக்குள் போடாமல் ஃபில்டர் உட்காரும் குழிக்குள் விடுங்கள். தண்ணீர் கீழிருந்து குழாய்க்குள் ஏறிக் காற்றை வெளியே தள்ளும். அப்படியும் பம்ப் உறுமிக்கொண்டு ஜெட்டில் தண்ணீர் வராவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, பம்ப்பின் வாயில் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம்.

தண்ணீரைச் சமன் செய்வது

மிசிசாகாவின் குழாயில் வருவது ஒண்டாரியோ ஏரித் தண்ணீர். கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம் போன்றவை) சுமார் 120 பிபிஎம், காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்) 90ஐ ஒட்டி இருக்கும். ஹாட் டப்புக்கு இது நல்ல தண்ணீர். பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். குவெல்ஃப், கிச்சனர் பக்கத்தில் நிலத்தடி நீர் மிகக் கடினமானது. அங்கே இருப்பவர்களுக்கு ஹீட்டரில் சுண்ணாம்பு படிவது பெரிய தொல்லை. அதற்காக மென்னீராக்கி வழியே வரும் தண்ணீரை மட்டுமே நிரப்பினால் கால்சியமே இல்லாமல் போய் நுரை வரும். இரண்டையும் கலந்து நிரப்புவது நல்லது.

காரத்தன்மை, பிஎச், கால்சியம் என்ற வரிசையில் பாருங்கள். காரத்தன்மை குறைவாக இருந்தால் சமையல் சோடா போதும். 25 கிராம் போட்டால் 1500 லிட்டரில் 10 பிபிஎம் ஏறும். 'அல்கலினிட்டி பிளஸ்' என்ற மாதிரிப் பெயரில் கடையில் கூடுதல் விலைக்கு விற்பதும் இதேதான். பிஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறிவிட்டால் சோடியம் பைசல்பேட், அதாவது 'பிஎச் டவுன்' பொடி, 15 கிராம் போட்டுப் பம்ப் ஓட்டி அரை மணி கழித்து அளந்து, தேவைப்பட்டால் இன்னும் 15. மொத்தமாகக் கொட்டாதீர்கள். பிஎச் 7க்குக் கீழே போனால் ஹீட்டரின் உலோகத்தை அரித்துவிடும்.

பிஎச்சை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும்? தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று கிருமியை வேகமாகக் கொல்லும், மற்றது சோம்பேறி. 7.2இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகமான வடிவம். 7.5இல் பாதி. 8க்குப் போனால் கால் பங்குகூடத் தேறாது. அளவுமானி காட்டும் எண் மூன்று இடத்திலும் ஒன்றேதான்!

ஹாட் டப்பில் பிஎச் தானாக ஏறிக்கொண்டே போகும். ஜெட் காற்றைக் கலக்கும்போது கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுவதுதான் காரணம். காரத்தன்மை கூடக்கூட இந்த ஏற்றமும் வேகமாகும். வாரத்தில் மூன்று தடவை பிஎச் டவுன் போட வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறவர்களின் டப்பில் காரத்தன்மை பெரும்பாலும் 120க்கு மேல் இருக்கும். ப்ளீச் பயன்படுத்தும் டப்பில் அதை 50 - 70க்குக் கொண்டுவந்தால் பிஎச் அடங்கி நிற்கும். கொண்டுவரும் வழி: பைசல்பேட் போட்டுப் பிஎச்சை 7.2க்கு இறக்குங்கள், காற்று வால்வைத் திறந்து ஜெட்டை ஓட விடுங்கள், பிஎச் மறுபடி ஏறும், காரத்தன்மை ஏறாது. வேண்டிய அளவு வரும்வரை திரும்பச் செய்யுங்கள். 10 பிபிஎம் இறங்க மொத்தம் 40 கிராம் அளவில் பிடிக்கும்.

குளோரின்: எது, எவ்வளவு, எப்போது

குடிநீர்க் கிணற்றில் போடும் ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். சரியாகக் கரையாது, சுண்ணாம்பையும் சேர்த்துவிடும். குளத்தில் மிதக்கவிடும் டிரைக்குளோர் வில்லைகள் கூடவே கூடாது. கடும் அமிலத்தன்மை கொண்டவை. ஒரு வில்லை அக்ரிலிக் மேல் உட்கார்ந்தால் அந்த இடம் வெளுத்துக் கொப்புளிக்கும். ஹாட் டப்புக்குப் பொருந்துபவை இரண்டு: டைக்குளோர் குருணை, வாசனையோ கெட்டிப்புப் பொருளோ சேர்க்காத சாதாரண ப்ளீச்.

1500 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற டைக்குளோர் 2.7 கிராம், அல்லது 6 சதவீத ப்ளீச் 25 மில்லி. இந்த இரண்டு எண்ணையும் எழுதி மூடிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். புட்டியில் 3 சதவீதம் என்று போட்டிருந்தால் இரண்டு மடங்கு. நாள்பட்ட ப்ளீச் வீரியம் இழந்திருக்கும். சின்னப் புட்டியாக வாங்குங்கள்.

டைக்குளோர் போடுவது சுலபம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதோடு சயனூரிக் அமிலமும் சேர்கிறது: 10 பிபிஎம் குளோரினுக்கு 9 பிபிஎம் அமிலம். குளோரின் ஆவியாகிவிடாமல் பிடித்து வைப்பது அதன் குணம். அதே பிடி இறுகினால் குளோரின் கிருமியைக் கொல்லும் வேகமும் குறையும். தினமும் 3 பிபிஎம் டைக்குளோர் போட்டால் ஒரு மாதத்தில் அமிலம் 80 பிபிஎம்மைத் தொடும். 'குளோரின் சரியாகத்தானே காட்டியது, பிள்ளைக்கு எப்படி உடம்பெல்லாம் சிவந்து தடித்தது?' என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் பதில். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹாட் டப்பில் சயனூரிக் அமிலமே வேண்டாம் என்கிறது. துளியும் இல்லாவிட்டால் குளோரின் கடுமையாகி, மூடியையும் டப்பில் தலை சாய்க்கும் தலையணைகளையும் தின்னும், சூட்டில் சீக்கிரம் பறந்தும் போகும். ஆகவே நான் பரிந்துரைப்பது நடுவழி. புதுத் தண்ணீர் நிரப்பியதும் முதல் ஒரு வாரம் மொத்தம் 60 கிராம் வரை டைக்குளோர். அமிலம் 20 பிபிஎம் வந்திருக்கும். அத்தோடு டைக்குளோரை நிறுத்திவிட்டு ப்ளீச்சுக்கு மாறுங்கள். அமிலம் மெல்லச் சிதைந்துகொண்டே வருவதால் மாதம் ஒருமுறை 15 கிராம் டைக்குளோர் போட்டால் சரியாகிவிடும்.

இறங்கும் நேரத்தில் தனிக் குளோரின் (அழுக்கோடு சேராமல் வேலைக்குத் தயாராக இருக்கும் குளோரின்) 3க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டும். 3க்குக் கீழே இருந்தால் இறங்காதீர்கள், விருந்தாளி வந்து காத்திருந்தாலும் சரி. வெளியே வந்ததும் ஓர் ஆள் அரை மணி இருந்ததற்கு 75 மில்லி ப்ளீச் (3 பிபிஎம்) என்று கணக்கிடுங்கள். நான்கு பேர் அரை மணி என்றால் 300 மில்லி. நிறைய மாதிரித் தோன்றும். அவ்வளவையும் வியர்வையும் அழுக்கும் குடித்துவிடும். மறுநாள் காலையில் அளந்து, 3 - 5 இருக்கிறதா பார்த்து, உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். யாரும் இறங்காத நாளில் 25 முதல் 50 மில்லி போதும். ஊற்றும்போது பம்ப் ஓட வேண்டும். ஊற்றிய பிறகு 15, 20 நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள். உடனே மூடினால் ஆவி மூடியின் உள்பக்கத்தைப் பொடிப்பொடியாக உதிர வைக்கும்.

குளோரினுக்குப் பதில் புரோமின் என்ற கிருமிநாசினி வைத்திருப்பவர்களும் உண்டு. வாடை குறைவு, பிஎச் சற்று ஏறினாலும் வேலை செய்யும். 4 - 6 பிபிஎம் வைத்திருக்க வேண்டும். வில்லையை மிதவையில் போட்டு வைக்கலாம் என்பதால் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு வசதி. ஓசோன், யுவி விளக்கு, வெள்ளி-செம்புத் தண்டு என்று விற்பவை எல்லாம் துணைக்குத்தான். எதை மாட்டினாலும் குளோரினோ புரோமினோ தண்ணீரில் இருந்தே ஆக வேண்டும்.

மருந்துகளைப் பற்றி இன்னொரு கண்டிப்பான வார்த்தை. ப்ளீச்சும் பிஎச் டவுனும் ஒன்றோடொன்று சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றைப் போட்டு 20 நிமிடம் தண்ணீர் சுற்றிய பிறகே மற்றதைப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அளவுக் கரண்டி. பொடியைத் தண்ணீரில் தூவ வேண்டும். பொடி மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெவ்வேறு வகைக் குளோரின் பொடிகளை ஒரே டப்பாவில் கொட்டினால் தீப்பிடிக்கலாம்.

அளப்பது

காகிதப் பட்டை அவசரத்துக்கு ஆகும். முடிவெடுக்கச் சொட்டு மருந்துப் பெட்டி வாங்குங்கள். எஃப்ஏஎஸ்-டிபிடி வகையில், 10 மில்லி தண்ணீரில் பொடியைப் போட்டால் இளஞ்சிவப்பாகும். நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு 0.5 பிபிஎம். ஏழு சொட்டில் மறைந்தால் 3.5. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. அப்படி ஒப்பிடும் சாதாரண டிபிடி முறையில் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறம் ஒரு கணம் சிவந்து உடனே வெளுத்துவிடும். 'குளோரினே இல்லை' என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். விழுந்த இடத்தில் சிவப்பு மின்னி மறைகிறதா என்று உற்றுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மாதிரியை நல்ல தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி அளந்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள்.

மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' வந்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். வியர்வையோடு சேர்ந்து செத்துப்போன குளோரினின் வாடை அது. இந்தச் சேர்மக் குளோரின் 0.5க்கு மேல் காட்டினால் 250 மில்லி ப்ளீச் ஊற்றி (10 பிபிஎம்), மூடியைத் திறந்து வைத்து ஓட விடுங்கள். 5க்குக் கீழே இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது.

டப்பின் உடல்நிலையைக் காட்டும் ஒரு சோதனை இருக்கிறது. யாரும் இறங்காத நாளில் அளந்து எழுதி வைத்து, 24 மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். கால் பங்கு குறைந்தால் இயல்பு. ஓசோன் கருவி இருந்தால் பாதிவரை போகலாம். அதற்கும் மேல் காணாமல் போனால் குழாய்க்குள் மறுபடி படலம் கட்டுகிறது.

ஃபில்டரும் நுரையும்

வாரம் ஒருமுறை ஃபில்டரை எடுத்து, மடிப்பு மடிப்பாக மேலிருந்து கீழே ஹோஸ் தண்ணீரை அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் துணியைக் கிழித்துவிடும். மாதம் ஒருமுறை, ஃபில்டருக்கென்று விற்கும் எண்ணெய் நீக்கியில் ஓர் இரவு ஊற வையுங்கள். இரண்டு ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று ஊறும்போது டப் நிற்க வேண்டியதில்லை. மடிப்பை விரல்களால் விரித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் பிசுக்கு, கையில் தடவினால் வழுக்கல் என்றால் எண்ணெய் போகவில்லை. எண்ணெய் போகாமல் சுண்ணாம்பு நீக்க அமிலத்தில் போட்டால் அந்த எண்ணெய் துணியோடு இறுகிவிடும். அதனால் எண்ணெய் நீக்கிதான் முதலில். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் புதிதாக மாற்றிவிடுங்கள். திரையில் 'எஃப்எல்ஓ' (தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்ற குறி) என்று வந்து ஹீட்டர் நின்றால் பத்தில் எட்டு முறை அடைத்த ஃபில்டர்தான். கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பிழை மறைந்தால் ஃபில்டர்தான் காரணம் என்று உறுதி.

நம் வீடுகளில் ஃபில்டரின் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த பிள்ளை கால் மணி நேரம் முழுகினால் அது முழுக்கத் தண்ணீரில் மிதந்து ஃபில்டரில் போய் உட்காரும். வழியில் குளோரினையும் தின்னும். உடம்பு லோஷன், மேக்கப்பும் அப்படியே. இறங்குமுன் தலையோடு சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவது எந்த மருந்தையும்விட அதிகம் உதவும். நீச்சல் உடையைச் சலவைத் தூளில் துவைக்காமல் வெறும் தண்ணீரில் அலசுங்கள்; துணியில் தங்கும் சலவைத் தூள்தான் நுரைக்கு முதல் காரணம். நுரை நீக்கி மருந்து அன்றைக்கு நுரையை அடக்கும், அவ்வளவுதான்.

தண்ணீரை எப்போது மாற்றுவது? 1500 லிட்டருக்கு மொத்தம் 130 ஆள்முறை (ஓர் ஆள் ஒரு தடவை இறங்கினால் ஓர் ஆள்முறை) என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு பேர் என்றால் 65 நாள். வார இறுதியில் மட்டும் என்றால் மூன்று, நான்கு மாதம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் பர்ஜ் மருந்து ஒருமுறை ஓட வேண்டும்.

யார் இறங்கலாம்

40 டிகிரிதான் உச்சம். பெரியவர்களுக்கும் ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்க வேண்டாம். அவர்கள் உடல் சீக்கிரம் சூடேறும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 36, 37 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம், தலை தண்ணீருக்கு வெளியே, பெரியவர் ஒருவர் கூடவே. கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், தவிர்க்க வேண்டும்; உடல் சூடு ஏறுவது கருவின் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும். மது குடித்துவிட்டு யாரும் இறங்கக் கூடாது.

அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டென்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சுடுநீரில் இரத்த நாளங்கள் விரியும். எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். 38 டிகிரி, 10 நிமிடம், ஏறி இறங்கக் கைப்பிடி. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சூடு தெரியாது. அவரே கால் வைத்துப் பார்ப்பதை நம்பாமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

தொட்டியின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாய்களின் மூடிகளை மாதம் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். உடைந்தோ தளர்ந்தோ இருந்தால் அன்றே டப்பை அணைத்துவிடுங்கள். 2002இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிப்பட்ட உறிஞ்சு வாயின் இழுப்பில் சிக்கி மூழ்கி இறந்தாள். 2007இல் வந்த வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் அவள் பெயரில்தான். நீளமான தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மேல்மூடிக்குப் பூட்டு இருக்கும். குளித்து முடித்ததும் பூட்டி, சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

குளித்த சில நாளில் நீச்சல் உடை மூடிய இடங்களில் அரிப்போடு சிவந்த பரு வந்தால் அது சூடோமோனாஸ் என்ற கிருமியின் வேலை. பெரும்பாலும் தானே ஆறும், தண்ணீரைத்தான் உடனே சரிசெய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் மருத்துவரிடம் 'வீட்டில் ஹாட் டப் உண்டு' என்று நீங்களாகவே சொல்லுங்கள். லெஜியோனெல்லாவுக்குப் பென்சிலின் வகை மருந்துகள் கேட்காது, சோதனையும் தனி. சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் பார்ப்பார்.

மின்சாரமும் குளிர்காலமும்

இந்த அளவு டப்புக்குப் பெரும்பாலும் 240 வோல்ட் போகும். முன்பிருந்தவர் யாரை வைத்து இணைத்தார் என்று தெரியாததால், தண்ணீர் வேலையைத் தொடங்குமுன் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டு இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒண்டாரியோவில் இந்த இணைப்புக்கு மின் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் ஆய்வும் கட்டாயம். அந்தத் தாள் வீட்டில் இருக்கிறதா தேடுங்கள். மின்கசிவு வந்தால் தானே அணையும் ஜிஎஃப்சிஐ பிரேக்கரில் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டப் உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. அடிக்கடி தானாக விழுந்தால் பெரும்பாலும் ஹீட்டர் கம்பிக்குள் தண்ணீர் கசிகிறது. பிரேக்கரை மாற்றி ஏமாற்றாமல் ஹீட்டரைப் பாருங்கள்.

ஒரு தண்ணீர் மாற்றம் கடுங்குளிருக்குச் சற்று முன்பு வருமாறு திட்டமிட்டால் சனவரிக் குளிரில் காலி டப்போடு நிற்க வேண்டியதில்லை. மின்சாரம் போனால் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். நல்ல மூடி இருந்தால் சூடு ஒரு நாள் அளவுக்குத் தாங்கும். அதற்கு மேல் நீளும்போலிருந்தால் ஹாட் டப் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். குழாயில் தண்ணீர் உறைந்தால் செலவு ஆயிரக்கணக்கில். மூடி தூக்க முடியாத அளவுக்குக் கனத்தால் உள்ளே நுரைப்பலகை தண்ணீர் குடித்திருக்கிறது. மாற்றிவிடுங்கள், மின் கட்டணத்திலேயே வித்தியாசம் தெரியும்.

குளிர்காலத்தில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் டப்பை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்து வீட்டாரிடமோ நண்பரிடமோ சாவியும் ப்ளீச் புட்டியும் அளவுக் கோப்பையும் கொடுத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை 50 மில்லி ஊற்றிவிட்டுத் திரையில் பிழைக் குறி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வந்த அன்றே இறங்க வேண்டாம். காற்று வால்வுகளை மூடி 250 மில்லி ப்ளீச் ஊற்றி, ஃபில்டரைக் கழுவி மாட்டி, மறுநாள் அளந்து குளோரின் 5க்குக் கீழும் 3க்கு மேலும் நிற்கும்போது இறங்குங்கள்.